மணியில் ஏன் விரிசல்?

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இந்த வாரம் அமெரிக்க தேசியச் சின்னங்கள் பாடம். கொடி, கழுகு, சுதந்திர தேவி சிலை, லிபர்ட்டி பெல் என்கிற விரிசல் விட்ட பழைய மணி எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்ட வேண்டும். சிலைக்குச் செம்பு நிறம் அடித்தாள். சரிதானே, 1886-இல் திறந்தபோது அது செம்பு நிறம்தான். பச்சை பிறகு ஏறியது.

மணியில்தான் மாட்டிக்கொண்டேன். "அப்பா, உடைஞ்ச மணியை ஏன் வெச்சிருக்காங்க?"

லண்டனில் வார்த்து 1752-இல் பிலடெல்பியாவுக்கு வந்த மணி, சோதித்துப் பார்த்த முதல் அடியிலேயே விரிசல் விட்டது. உள்ளூர்க்காரர்கள் இருவர் அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள். பல ஆண்டுகள் ஒலித்து, அதிலும் மெல்லிய கீறல் விழுந்தது. 1846-இல் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடிக்க வேண்டுமே! ஓரங்கள் ஒன்றோடொன்று உரசி அதிராமல் இருக்க, கீறலை வேண்டுமென்றே அகலப்படுத்தினார்கள். இன்று படத்தில் பெரிதாகத் தெரியும் அந்தப் பிளவு, உண்மையில் ரிப்பேர் வேலை! அடித்தார்கள், இன்னொரு கீறல் ஓடியது, அதோடு மணி ஓய்ந்தது.

கழுகு கதை இன்னும் வேடிக்கை. 1782-லேயே அரசு முத்திரையில் ஏறிவிட்டது. தேசியப் பறவை என்று சட்டம் வந்ததோ 2024 டிசம்பரில்!

அப்புறம் பள்ளியில் தினமும் காலையில் சொல்லும் கொடி உறுதிமொழி. விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்த நாள் ஜூன் 14, கொடி நாள். இதை அவளிடம் சொன்னேன்.

"எனக்குப் பிடிக்கும், நான் சொல்லுவேன்" என்றாள். மணிக்கு ஊதா நிறம் அடித்திருக்கிறாள்.