கேக்காம மாத்துன லோடு

"என்கிட்ட ஏன் கேக்கல?" எங்க கம்பெனில ட்ரக் ஓட்டுற வயசான சீக்கிய டிரைவர் அங்கிள்ஜி சத்தம்கூடப் போடல, இவ்வளவுதான் கேட்டாரு. கனடாவுல, பிராம்ப்டன்ல டிஸ்பாட்ச், அதாவது எந்த லோடுக்கு எந்த டிரைவர்னு போடற வேலை, பாத்தவங்களுக்குத் தெரியும், லிஸ்ட்டுல பாதிக்கு மேல சிங்தான், ஹெல்மெட் கட்டாயம்னு சொல்ற யார்டுக்கு லோடு வந்தா யாரை அனுப்புறதுன்னு யோசிக்கணும். அப்படி ஒரு லோடுலேருந்து நான் அங்கிள்ஜி பேரை எடுத்துட்டு வேற டிரைவரப் போட்டேன், அவர்கிட்ட சொல்லல. இந்த வயசுல செக்யூரிட்டி பையன் முன்னாடி நின்னு டர்பனுக்கு விளக்கம் சொல்லிட்டிருக்க வேணாமேன்னுதான்.

அது தப்புன்னு இப்பவும் தோணல. மாண்ட்ரியல் துறைமுகத்துல இதே விஷயத்துக்கு சீக்கிய டிரைவர்கள் கோர்ட்டுக்குப் போய் 2016ல தோத்தாங்க, 2019ல அப்பீல்லயும் தோத்தாங்க. கேஸுக்கு முன்னாடி, டிரைவர் எறங்காம கேபின்லயே இருக்கட்டும்னு கொஞ்ச காலம் செஞ்சு பாத்து, லோடு ஏத்த நேரமாகுதுன்னு அதையும் விட்டுட்டாங்க. 1985லயே, சிஎன் ரயில்வேல எலக்ட்ரீஷியனா இருந்த பிந்தர் வழக்குல கனடா சுப்ரீம் கோர்ட் ஹெல்மெட் பக்கம்தான் நின்னுச்சு. பிரிட்டன்ல கட்டட வேலைக்கு 1989லயே விலக்கு குடுத்துட்டாங்க, 2015ல பெரும்பாலான மத்த வேலைகளுக்கும். இங்க ஒன்டாரியோல 2018லேருந்து டர்பனோட மோட்டார் சைக்கிள் ஓட்டலாம், ஆனா யார்டுல எறங்கி நாலு எட்டு நடக்க விடமாட்டாங்க, இது எனக்கு ஜீரணமே ஆகல.

ஆனா அங்கிள்ஜி சட்டத்தப் பத்திக் கேக்கல. மைலுக்கு இவ்வளவுன்னு சம்பளம், அது நல்ல தூரம் போற லோடு. "போறேனா மாட்டேனான்னு நான்தானே சொல்லணும் பேட்டா, அங்க போய் சண்டை போட்டாலும் திரும்பி வந்தாலும் அது என் பாடு"ன்னாரு. கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணா நான்ல பதில் சொல்லணும்னேன். அதுவும் நிஜம்தான். ஆனா பேரை எடுக்கும்போது என் மனசுல இருந்தது கஸ்டமரா, அவர் மரியாதையா, இல்ல அந்தப் பேச்சே எடுக்காம தப்பிச்சாப் போதும்ங்கறதா, இன்னும் பிரிச்சுப் பாக்க முடியல.

அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் கேக்க ஆரம்பிச்சேன். புதுசா ஒரு பையன், படிக்க வந்து இப்ப ஒர்க் பர்மிட்ல இருக்கான், பிஆருக்கு, அதாவது இங்கயே நிரந்தரமாத் தங்கற அனுமதிக்கு, காத்திருக்கான். காலைல ட்ரக் சைடு மிர்ரர் முன்னாடி நின்னு, துணியோட ஒரு முனையப் பல்லுல கடிச்சுக்கிட்டு, மடிப்பு மடிப்பா இழுத்து இழுத்து டர்பன் கட்டுவான், பாத்திருக்கேன். அங்க ஹெல்மெட் போடணும், உனக்கு ஓகேவா, வேணாம்னா வேற லோடு தரேன்னு கேட்டேன். "நோ ப்ராப்ளம் பாஜி"ன்னான். அடுத்த வாரம் முடிய ஒட்ட வெட்டிட்டு தொப்பி போட்டு வந்தான்.

நான் வெட்டச் சொல்லல. இங்க வர்ற பசங்க நிறைய பேர் வெட்டிடறாங்க, அவன் ஏற்கனவே முடிவு பண்ணிருக்கலாம். ஆனா லோடு குடுக்கறவனே கேட்டா, பர்மிட்ல இருக்கற பையன் எப்படி முடியாதுன்னு சொல்லுவான்? அங்கிள்ஜிக்கு இங்க வேர் இருக்கு, என்கிட்ட கோவப்பட முடிஞ்சுது. ஒரே கேள்வி ஒருத்தருக்கு மரியாதையாவும் இன்னொருத்தனுக்கு நெருக்கடியாவும் இருக்குமா?

டிரைவர் கேபின்லயே இருந்துக்கலாமான்னு அந்த யார்டுக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் இல்ல. வியாழக்கிழமை மறுபடியும் லோடு இருக்கு. பையன் பேரைப் போட்டா யாரையும் எதுவும் கேக்கத் தேவையில்ல. அதனாலயே அவன் பேரைப் போட மனசு வரல.