கடைக்குப் போகாமல் நல்ல மாண்டலின் வாங்குவது

மாண்டலின் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "கையில் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்கு" என்பதுதான். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் வாத்தியக் கடையே பக்கத்தில் இல்லாதவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கடை இருந்தாலும் பல இடங்களில் சுவர் முழுக்கக் கிட்டார் தொங்கும், மூலையில் தந்தி கறுத்துப்போன மாண்டலின் ஒன்று இருந்தால் பெரிது. அதுவும் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறவர் என்றால், விரல் வலிப்பது தனக்குப் பழக்கம் இல்லாததாலா வாத்தியத்தில் கோளாறு இருப்பதாலா என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

அதனால் தூரத்திலிருந்து தைரியமாக வாங்கலாம் என்பதுதான் என் கட்சி. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மாண்டலினில் இருக்கும் குறைகளில் சிலவற்றை வீட்டிலேயோ வேலை தெரிந்தவரிடம் கொடுத்தோ சரிசெய்துவிடலாம், சிலவற்றை என்ன செய்தாலும் சரிசெய்ய முடியாது, முடிந்தாலும் வாத்தியத்தின் விலையைவிட அந்த வேலைக்கு அதிகம் ஆகும். வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான். பலரும் நிறத்தையும் சுருள் வேலைப்பாட்டையும் பற்றி நாள் கணக்கில் யோசித்துவிட்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் மரம். மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்று கேளுங்கள். ஒட்டுப்பலகையில் செய்தது எத்தனை வருடம் வாசித்தாலும் அப்படியேதான் ஒலிக்கும். நல்ல மாண்டலினில் மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் என்பது பரவலான வழக்கம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழு மரத்தையே சூடாக்கி அழுத்தி வளைத்தும் மேல்பலகை செய்வார்கள், கனமான பலகையை உளியால் செதுக்கியும் செய்வார்கள். விளம்பரத்தில் 'முழு மரம்' என்று மட்டும் போட்டிருந்தால் செதுக்கியதா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள், செதுக்கியதுதான் மேல். ஒலித்துளையின் விளிம்பை நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பில் மடங்கி அப்படியே கனத்திலும் இறங்கினால் முழு மரம். கனத்தில் நடுவே வேறு நிறத்தில் ஒரு அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்பு முழுக்கக் கறுப்புச் சாயம் பூசி மறைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வடிவம், அதாவது ஏ வகை, எஃப் வகை விவகாரம். ஏ வகை சுருள் இல்லாமல் எளிமையாக, நீர்த்துளி போல இருக்கும். எஃப் வகையில் தோளில் ஒரு சுருள், கீழே இரண்டு கூர்முனைகள் இருக்கும். பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. 1922 முதல் 1924 வரை கிப்சன் நிறுவனத்தில் லாயிட் லோர் கையெழுத்திட்ட எஃப்-5 மாண்டலின்களுக்கு இன்றும் இருக்கிற மதிப்பும், அதில் ஒன்றை அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்றோ பல பத்தாண்டுகள் வாசித்ததும் சேர்ந்து அந்த வடிவத்துக்கு ஒரு தனிக் கவர்ச்சியைக் கொடுத்துவிட்டன. ஆனால் சுருளால் நாதம் கூடுவதில்லை. செதுக்குகிற வேலை கூடுகிறது, விலை கூடுகிறது, அவ்வளவுதான். ஒரே பணத்துக்கு ஏ வகையில் கிடைக்கும் மரமும் கைவேலையும் எஃப் வகையில் கிடைக்காது. முதல் மாண்டலின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏ வகை என்பேன்.

ஒலியை நிஜமாக மாற்றுவது துளையின் வடிவம். எஃப் வடிவத் துளை என்றால் ஒலி பளிச்சென்று வெட்டிக்கொண்டு வரும், கூட்டமாக வாசிக்கும்போது தனியே கேட்கும். முட்டை வடிவத் துளை என்றால் ஒலி உருண்டு நின்று மெதுவாக அடங்கும், தனியாக உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அது பிடித்துப்போகும். ஈஸ்ட்மன் நிறுவனத்தின் மாடல் எண்களில் இது பளிச்சென்று தெரியும்: 304 என்றால் ஏ வகை, முட்டைத் துளை, 305 என்றால் ஏ வகை, எஃப் துளை, 314ம் 315ம் அதே வரிசையில் எஃப் வகை. இந்த 305, கென்டக்கி என்ற இன்னொரு பிராண்டின் கேஎம்-150 இரண்டும் முழு மரத்தில் செய்தவை. தொடக்கத்தில் இருப்பவருக்கு இந்தத் தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். புதிதாக வாங்க முடியாவிட்டால் பழையதாக இதே தரத்தைத் தேடுவது, புதிய ஒட்டுப்பலகை வாத்தியத்தைவிட எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். யு. ஸ்ரீநிவாஸ் வாசித்ததைக் கேட்டுத்தான் பலருக்கு மாண்டலின் ஆசையே வருகிறது. அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின், அதில் சாதாரண மாண்டலினில் இருப்பதுபோல் நான்கு ஜோடித் தந்திகள் கிடையாது, ஒற்றைத் தந்திகள் ஐந்து. அந்தக் கமகம்தான் வேண்டும் என்றால் எட்டுத் தந்தி வாத்தியத்தைத் தேடி அலைய வேண்டாம், தேடலே வேறு. இறுக்கமான இரட்டைத் தந்தியை ஒரே விரலால் இழுத்து அதைக் கொண்டுவருவது பெரும்பாடு.

சரி, சரிசெய்ய முடியாத குறைகளுக்கு வருவோம். இவற்றில் பெரியது கழுத்தின் கோணம். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மாண்டலினில் ஒட்டியிருக்காது, தந்திகளின் அழுத்தத்தில்தான் மேல்பலகை மீது நிற்கும். பெரும்பாலும் அது இரண்டு துண்டாக இருக்கும்: கீழே அடிக்கட்டை, மேலே தந்திகள் உட்காரும் சட்டம், இரண்டுக்கும் நடுவில் இரு பக்கமும் நாணயம் போன்ற சின்னத் திருகு வட்டுகள். வட்டைத் திருகினால் சட்டம் ஏறும் அல்லது இறங்கும், அதோடு தந்தியின் உயரமும் மாறும். இந்த இடத்தைப் பக்கவாட்டில், தந்தியின் மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி எடுத்த படம் ஒன்று கட்டாயம் கேளுங்கள். கூடவே 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள்) ஒரு அளவுகோலை நிறுத்தி இன்னொரு படம். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு வரை இருந்தால் சுகமாக வாசிக்கலாம். மூன்று இருக்கிறது, ஆனால் வட்டுகளுக்குக் கீழே இறங்க இடம் இருக்கிறது என்றால் கவலையே இல்லை, ஐந்து நிமிட வேலை. மூன்று இருக்கிறது, சட்டமோ அடிக்கட்டையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது, இனி இறங்க இடமே இல்லை என்றால் கழுத்து தவறான கோணத்தில் பொருந்தியிருக்க வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி.

பழைய வாத்தியம் என்றால் மேல்பலகை பிரிட்ஜுக்கு அடியில் குழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டுத் தந்திகளின் இழுவிசையும் சேர்ந்தால் ஏறத்தாழ 70, 80 கிலோ வரும், அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாகக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது, பல வருடம் இப்படி இருந்தால் பலவீனமான பலகை உள்வாங்கிவிடும். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழை அளவு பிளவு தெரிகிறதா என்றும் கேளுங்கள். தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்தைப் பார்த்து எடுத்த படத்தில் முறுக்கல் இருந்தால் தெரிந்துவிடும். லேசாக முன்னோக்கி வளைந்திருந்தால் பரவாயில்லை, கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி இருந்தால் அதைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கலுக்கு அது உதவாது.

கைக்கு ஏற்ற அளவும் பிறகு மாற்ற முடியாத விஷயம்தான். நட், அதாவது தலைப்பக்கம் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் சின்னப் பட்டை, இருக்கும் இடத்தில் கழுத்தின் அகலம் சாதாரணமாக 28, 29 மி.மீ. இருக்கும், 30 மி.மீ. வருகிறவையும் உண்டு. எண்ணில் பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் தெரியும், தடித்த விரல்காரர்களுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம்.

நட்டின் பள்ளங்கள் உயரமாக இருப்பது, ஸ்ருதி கொஞ்சம் பிசகுவது, சுதி கூட்டும் ட்யூனர் இறுக்கமாகத் திரும்புவது, தந்திகளை மாட்டும் வால் முனையின் தகட்டு மூடி அதிர்வது, தந்தி பழசாகிப்போனது எல்லாம் சரியாகிவிடும் குறைகள். இவற்றுக்காக நல்ல மரத்தைக் கைவிட வேண்டாம்.

வீடியோவை நம்பலாமா என்று கேட்பார்கள். பாட்டு வாசித்துக் காட்டும் வீடியோவால் வாங்குகிறவருக்குப் பெரிய பயன் இல்லை. நல்ல கைக்காரர் வாசித்தால் எதுவும் இனிக்கும், அதோடு மைக், அறை, புதுத் தந்தி, தந்தியை மீட்டும் வில்லையின் (பிளெக்ட்ரம்) கனம் எல்லாம் சேர்ந்து ஒலியை மாற்றிவிடும். ஒவ்வொரு ஜோடித் தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நிதானமாக மீட்டிக்காட்டும் வீடியோ கேளுங்கள், செத்த சுரமும் இரைச்சலும் அதில் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரே ஆள் ஒரே அறையில் இரண்டு மூன்று மாண்டலின்களை மாற்றி மாற்றி வாசித்த பதிவு கிடைத்தால் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு.

இவ்வளவுக்கும் மேலே நான் வைப்பது விற்பவரை. அனுப்புவதற்கு முன் யார் செட்டப் செய்வார்கள், என்னென்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி போடுங்கள். நட் பள்ளத்தை அரத்தால் சீர்செய்வோம், பிரிட்ஜின் அடியை மேல்பலகையின் வளைவுக்குப் பொருந்தத் தேய்ப்போம், ஃப்ரெட்டுகளைச் சமன்பார்ப்போம் என்று விவரமாகப் பதில் வந்தால் அவரிடம் வாங்கலாம், கொஞ்சம் விலை கூட இருந்தாலும். தொழிற்சாலையிலேயே எல்லாம் செய்துதான் வருகிறது என்று ஒரே வரியில் முடித்தால் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடினமான பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், துணிப் பை போதாது.

பெட்டி வந்ததும், வெளியே கடுங்குளிரோ வெக்கையோ இருந்தால் உடனே திறக்காமல் சில மணி நேரம் அறைக்குள் வைத்திருங்கள், மரத்துக்கும் மேல்பூச்சுக்கும் அது நல்லது. பிரிட்ஜ் கழன்று கிடந்தால் பதற வேண்டாம், பயணத்துக்காகத் தளர்த்தி அனுப்புவதுண்டு. நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து அதே தூரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பிரிட்ஜ் நிற்க வேண்டும். எல்லா ஜோடியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுதி கூட்டுங்கள், ஒரே தந்தியை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். பிறகு 12ஆவது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து வரும் மணி ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தியது தூக்கலாக இருந்தால் பிரிட்ஜை வால் பக்கம் மயிரிழை நகர்த்துங்கள். பிரிட்ஜின் அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள், எந்தப் பக்கமாவது நுழைந்தால் பொருத்தம் சரியில்லை, அந்த இடைவெளியில் ஒலி வீணாகும். இந்தச் சோதனைகளை எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். வந்த அட்டைப் பெட்டியை அதுவரை கிழிக்க வேண்டாம்.

தந்தி வாங்கும்போது நுனியில் வளையம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும், குண்டு முனை உள்ளவை பெரும்பாலான மாண்டலின்களில் மாட்டாது. விரல் பழகும்வரை 10 (0.010 அங்குலத் தடிமன்) எனத் தொடங்கும் மெல்லிய செட் போதும், பிறகு 11க்கு மாறிக்கொள்ளலாம். மாற்றும்போது எட்டையும் ஒரே சமயத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரிட்ஜ் விழுந்து மறுபடி இடம் தேட வேண்டியிருக்கும். வாத்தியத்தோடு சேர்த்தே இரண்டு மூன்று செட் வாங்கி வைத்துவிடுங்கள். கடை தூரத்தில் இருக்கிறவருக்கு, மெல்லிய ஈ தந்தி ஒன்று அறுந்தால் அடுத்தது தபாலில் வந்து சேரும்வரை வாசிப்பு நின்றுபோகும்.