பென்சில் பிடித்த கைகள்

இன்று மாலை ஹெட்போனில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ இசைத்தொகுப்பின் கடைசிப் பாடல் தொடங்கிய சில நொடிகளில், கடற்பறவைக் கூட்டமொன்று காதுக்குள் கத்திக்கொண்டே கடந்து போனது.

அது பறவையே அல்ல. குழுவின் பால் மெக்கார்ட்னியின் சிரிப்பை ஒலிநாடாவில் பதிந்து, வேகம் கூட்டி ஓட்டியதில் பிறந்த ஒலி.

1966 ஏப்ரலில், லண்டன் அபி ரோடு ஸ்டூடியோவில், வளையமாக ஒட்டிய நாடாத் துண்டுகளைப் பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவை தொய்ந்துவிடாதபடி ஊழியர்கள் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்து நிற்க, ஒவ்வோர் ஒலியையும் ஏற்றியும் இறக்கியும் பாட்டில் கலந்திருக்கிறார்கள்.

பாட்டின் பிற்பகுதியில், குழுவின் இன்னொரு பாடகரான ஜான் லெனனின் குரல்கூட, ஆர்கனுக்கென்று செய்யப்பட்ட சுழலும் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது.

எனக்கு அந்தப் பென்சில் பிடித்த கைகள் மீதுதான் தீராத வியப்பு. பிற்காலத்தில் ஹிப்-ஹாப்பும் மின்னணு இசையும் வளையமாகச் சுழலும் ஒலித்துணுக்குகளின் மேல் எழுந்து நின்றதையும், இன்று அதே வேலை கைப்பேசியில் ஒரு தொடுதலில் முடிந்துவிடுவதையும் எண்ணும்போது, அந்த உழைப்பின் துணிச்சல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அதே 1966 ஆகஸ்டில் தொகுப்பு வெளியானது. அம்மாத இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் பீட்டில்ஸின் கடைசிக் கட்டணக் கச்சேரியும் நடந்தது. அந்த மேடையில் ‘ரிவால்வர்’ பாடல்களில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை.