சக்கர நாற்காலியில் வேட்டைக்குப் போகிறவருக்கு: மிசௌரி பொதுநிலத்தில் எந்த அனுமதி எதற்கு?

மருத்துவர் கையெழுத்திட்ட அனுமதித் தாள் பையில் இருக்கிறது. நின்ற வண்டியில் உட்கார்ந்தபடியே மானைச் சுடலாம் என்று மாநிலமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில், பூட்டாமல் கிடக்கும் கேட்டைத் திறந்து சோள வயலோரமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கன்சர்வேஷன் ஏரியாக்களில் (மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொதுநிலங்களில்) அது விதிமீறல்தான். உடல் இயலாமையோடு வேட்டைக்கு வருகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எங்கே, எதில் ஏறிப் போகலாம்? எதில் இருந்தபடி சுடலாம்? எதை, எந்தத் தோட்டாவால், எத்தனை மணிவரை சுடலாம்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் சட்டம் வேறு. ஒன்றுக்கு வாங்கிய அனுமதி மற்றதற்குச் செல்லாது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு, பாதுகாக்கப்பட்ட நிலத்தில் வேட்டை என்பதே முரணாகத் தோன்றும். அமெரிக்காவில் பணம் வரும் வழியே வேறு. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 விழுக்காடு வரி காட்டுயிர்ப் பணிக்குப் போகிறது. மிசௌரியில் 1976இல் மக்களே வாக்களித்து, எட்டில் ஒரு விழுக்காடு விற்பனை வரியை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். இந்த நிலங்கள் வேட்டைக்காரருக்கு மட்டும் உரியவையும் அல்ல, பறவை பார்க்க வருகிறவருக்கு மட்டும் உரியவையும் அல்ல. விதிகள் இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் போக்குவரத்து. கன்சர்வேஷன் ஏரியாவில் வண்டி ஓடலாம் என்றால் சரளையோ தாரோ போட்ட பாதையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மட்டுமே. வயல் வரப்பு, தீத்தடுப்புப் பாதை, கேட்டுக்குப் பின்னால் போகும் பராமரிப்புப் பாதை எதுவும் சேராது. அங்கே போக வேண்டுமானால் அந்த ஏரியாவின் மேலாளரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே கேளுங்கள். எந்த நாள், எந்தக் கேட், எந்த வண்டி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலிக்கு இந்தத் தடை கிடையாது. கையால் தள்ளுவதோ மின்சாரத்தில் ஓடுவதோ, மனிதர் நடக்கும் இடமெல்லாம் அது போகலாம். நாற்காலி அல்லாத மற்ற மின் ஊர்திகளுக்கு 2011இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதி ஒன்று உண்டு. மாநில அலுவலகம் அவற்றைப் பொத்தாம் பொதுவாக மறுக்கக் கூடாது. எடை, அளவு, வேகம், நடப்பவர் நெரிசல், மண்ணுக்கு வரக்கூடிய சேதம் இவற்றை எடைபோட்டுத்தான் மறுக்கலாம். அதிகாரி உங்கள் நோய் என்ன என்று கேட்கக் கூடாது. ஊனமுற்றோருக்கான வண்டி நிறுத்த அட்டையைக் காட்டினால் போதும், அட்டை இல்லாவிட்டால் வாயால் சொன்னாலும் ஏற்க வேண்டும். ஆனால் இந்த விதி போய்வருவதற்கு மட்டும். அந்த ஊர்தியில் இருந்தபடி சுடலாமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள மிங்கோ தேசிய வனவிலங்குப் புகலிடம் போன்ற இடத்தில் இன்னொரு அடுக்கு சேரும். அதன் ஒரு பகுதி 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. மோட்டார் எதற்கும் அங்கே இடமில்லை, சக்கர நாற்காலி ஒன்றுதான் விலக்கு. இயலாதவர் நடமாட்டத்துக்கென்றே செய்யப்பட்டதாகவும், கட்டடத்துக்குள் நடக்கும் இடத்தில் ஓட்டத் தக்கதாகவும் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் நாற்காலி. இரண்டும் பொருந்த வேண்டும். நான்கு சக்கரப் பைக் இரண்டிலுமே தோற்கும். டாங்கி போலப் பட்டை ஓடும் நாற்காலி முதல் நிபந்தனையில் தேறும், இரண்டாவதில் கேள்வி எழும். அதில் போகிறவர் புகலிட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவதே நல்லது.

அடுத்தது சுடும் முறை. வாத்து, கூஸ், புறா போன்ற வலசைப் பறவைகளுக்குக் கூட்டரசு விதிதான் மேலே நிற்கும். மோட்டார் வண்டியிலிருந்து அவற்றைச் சுடக் கூடாது. விலக்கு இரண்டே பேருக்கு: இரண்டு கால்களும் செயலிழந்து உடலின் கீழ்ப்பாதி முடங்கியவர், ஒரு காலையோ இரண்டையுமோ இழந்தவர். அவர்களும் நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்துதான் சுடலாம். விலக்கின் எல்லை அவ்வளவே. இதய நோயாலோ நுரையீரல் நோயாலோ நூறு அடி நடக்க முடியாதவர் இதில் வரமாட்டார். இது நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மானுக்கும் காட்டு வான்கோழிக்கும் மாநில விதி. மருத்துவர் நிரப்பித் தரும் விண்ணப்பத்தோடு வேட்டை முறை விலக்கு கேட்கலாம். அது கிடைத்தாலும் பொதுச் சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்காகவோ சுடக் கூடாது.

தோட்டா விஷயத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் பழைய ஜாக்கெட் பையில். செப்டம்பரில் புறா வேட்டைக்கு ஈயத் தோட்டாவோடு போனவர், நவம்பரில் அதே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாத்துக்கு வருவார். வாத்து வேட்டையில் ஈயத் தோட்டாவைச் சுட வேண்டியதில்லை, கையில் வைத்திருந்தாலே குற்றம். 1991 முதல் நாடு முழுவதும் இதே விதி. சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டை வாத்து கல்மணி என்று விழுங்குகிறது, இரைப்பையில் அது அரைபட்டு ரத்தத்தில் நஞ்சாகிறது, அந்த வாத்தைத் தின்ற கழுகும் சாகிறது. ஈயத்துக்குப் பதில் வந்த எஃகு அடர்த்தி குறைந்தது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். எனவே ஈயத்தில் 4ஆம் எண் குண்டு பயன்படுத்தியவர் எஃகில் 2ஆம் எண்ணுக்கு மாற வேண்டும் (எண் குறைந்தால் குண்டு பெரிது), 35 கெஜத்துக்கு மேல் சுடாமல் இருக்க வேண்டும். ஷாட்கன்னில் (சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கியில்) மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது. அதற்கான அடைப்புக்கட்டை ஒரே துண்டாக, துப்பாக்கியைப் பிரிக்காமல் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கினால், வாத்துக்கு அஸ்தமனத்தோடு முடிந்தது. மானுக்கு அஸ்தமனத்துக்குப் பின் அரை மணி கூடுதல்.

16 வயது நிரம்பியவருக்கு வாத்து வேட்டைக்கு மாநிலத்தின் வலசைப் பறவை அனுமதியோடு 25 டாலர் கூட்டரசு வாத்து முத்திரையும் (தபால்தலை போன்றது) வேண்டும். காகித முத்திரை என்றால் அதன் முகத்தில் மையால் கையெழுத்திட வேண்டும்.

விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுக் குற்றம். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் காலாவதியான மறுநாள் அந்த விலக்கும் போய்விடும், நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட ஆபத்து.

இனி இடமும் உடலும். சில ஈரநிலங்களில், ஒளிந்திருந்து சுடுவதற்கு, நாற்காலி நேராக ஏறக்கூடிய மறைவுக்கூண்டுகள் உண்டு, குலுக்கலில் கிடைக்கும். நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே நடத்தப்படும் மான் வேட்டைகளும் உண்டு. மாநிலமே ஏற்பாடு செய்யும் மேலாண்மை மான் வேட்டைகளுக்கு ஜூலை மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 'நாற்காலி போகும்' என்று அறிவிப்பில் போட்டிருந்தாலும் தொலைபேசியில் அளவு கேளுங்கள். சாய்தளம் 12 அங்குல ஓட்டத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. வாசல் 32 அங்குலம் திறக்க வேண்டும். உள்ளே திரும்ப 60 அங்குல விட்டம் வேண்டும். அளவெல்லாம் சரியாக இருந்தும் பலகை விளிம்பில் தடுப்புக்கட்டை இல்லையென்றால் பனி படிந்த காலையில் முன்சக்கரம் வெளியே நழுவும்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூண்டுவரை உள்ள மண்தான் மிகப் பெரிய தொல்லை. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் முதலில் புதையும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் எடை பெரிய சக்கரத்துக்கு மாறும், பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். மிகச் சேறான இடத்துக்கு முக்கால் அங்குல பிளைவுட்டில் 2 அடிக்கு 4 அடியாக இரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் கயிற்றுப் பிடி. ஒன்றில் ஏறி நிற்கும்போது உதவியாளர் மற்றதை முன்னால் போட்டுக்கொண்டே போகலாம்.

கூண்டுக்குள் வலக்கைக்காரர் நாற்காலியை இலக்கைப் பார்த்து நேராக நிறுத்தக் கூடாது. சுமார் 45 பாகை வலப்புறம் திருப்பி, இடத்தோள் இலக்கை நோக்கும்படி நிறுத்தினால் துப்பாக்கி எளிதாகச் சுழலும். இரண்டு பிரேக்கும் பூட்டியிருக்க வேண்டும், பின்னால் சாயாமல் தடுக்கும் கம்பிகள் கீழே இறங்கியிருக்க வேண்டும். பூட்டாத நாற்காலி 12 கேஜ் ஷாட்கன்னின் உதைப்பில் பின்னால் உருளும். ஜன்னலின் கீழ்ச்சட்டம் எந்த உயரம் என்பதை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்: காலியான துப்பாக்கியைத் தோளில் வைத்து உட்கார்ந்து, குழல் முனை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள்.

முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு டிசம்பர் குளிர் தெரியாது, அதனாலேயே அது ஆபத்தானது. உணர்வில்லாத பாதத்தில் சூட்டுப் பொட்டலம் வைக்காதீர்கள், தோல் வெந்துபோவது ஷூவைக் கழற்றும்வரை தெரியாது. இரட்டைக் கம்பளி உறையும் காலுக்கு மேல் தூக்கப்பையும் போதும். காற்று மெத்தை குளிரில் அழுத்தம் இழக்கும், கூண்டில் அரை மணி இருந்தபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். எவ்வளவு அசையாமல் இருக்க வேண்டியிருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கி அழுத்தத்தை மாற்றுங்கள். ஒரே காலையில் வரும் படுக்கைப்புண் ஆற மாதங்கள் ஆகும். சிறுநீர் வடிக்கும் குழாய் துணிக்கு வெளியே தெரிந்தால் உறைந்து அடைக்கும். மார்பின் ஆறாவது தண்டெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கு ஆபத்தாகும். திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது இரண்டும் அறிகுறி. உடனே நிமிர்ந்து உட்கார வைத்துக் குழாயைப் பார்க்க உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மின் நாற்காலியின் பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும், திரும்பி வரும் தூரத்தை மனதில் வைத்துக் கிளம்புங்கள்.

உதவியாளர் தள்ளலாம், தூக்கலாம், விழுந்த மானை இழுத்து வரலாம். உங்கள் பங்கை அவர் சுட்டுத் தரக் கூடாது. மான் விழுந்ததும் அனுமதிச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டிக் குறிக்க வேண்டும். அன்றிரவு 10 மணிக்குள் டெலிசெக் (வேட்டையைப் பதியும் மாநில ஏற்பாடு) வழியே பதிவு செய்ய வேண்டும். வாத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது தலையோ முழு இறகோடு ஒரு சிறகோ உடலில் ஒட்டியிருக்க வேண்டும், இனம் அடையாளம் தெரிவதற்காக.

பரண் கட்டுகிறவருக்கு: கன்சர்வேஷன் ஏரியாவில் மரத்தில் ஆணி, திருகு எதுவும் இறங்கக் கூடாது. எடுத்துச் செல்லும் பரணை செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை, பெயரும் முகவரியும் எழுதி வைத்திருக்கலாம்.

துப்பாக்கியே தொடாமல் குடும்பத்தோடு வருகிறவருக்கு விதி குறைவு. கன்சர்வேஷன் ஏரியாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இரவு 10 முதல் காலை 4 வரை மூடியிருக்கும், வேட்டை, மீன்பிடிப்பு, முகாமில் இருப்பவருக்கு விலக்கு. காளானும் காட்டுப் பழமும் சொந்தச் சாப்பாட்டுக்குப் பறிக்கலாம், செடியைப் பிடுங்கக் கூடாது. மான் துப்பாக்கிப் பருவத்தில் ஆரஞ்சு மேலுடையும் தொப்பியும் போடுங்கள், நாற்காலியின் முதுகிலும் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். உட்கார்ந்தவர் புதருக்குக் கீழே மறைந்துபோவார். கூட்டரசு நிலங்களில் கட்டணம் இருந்தால், நிரந்தர ஊனம் உள்ள குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் வாழ்நாள் இலவச நுழைவு அட்டை உண்டு. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு அது கிடைக்காது. அந்த அட்டையை வைத்து வேட்டையும் ஆட முடியாது.

பாதையைப் பற்றிக் கேட்கும்போது 'எளிதா?' என்று கேட்காமல் சரிவு எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். கூட்டரசு அளவுகோலில் 5 விழுக்காடுவரை எவ்வளவு தூரமும் போகலாம், 8.33 என்றால் 200 அடி, 10 என்றால் 30 அடி, 12 என்றால் 10 அடி மட்டுமே. அகலம் குறைந்தது 36 அங்குலம்.

நாற்காலியை இறக்கவே வேண்டாம் என்றால் வடமேற்கில் மவுண்ட் சிட்டிக்கு அருகே லோயஸ் பிளஃப்ஸ் புகலிடம் இருக்கிறது. 1935இல் தொடங்கியது. 10 மைல் சரளைப் பாதை நீர்நிலைகளைச் சுற்றி வரும், குளிர்காலத் தொடக்கத்திலும் முடிவிலும் பனிக்கூஸ் கூட்டங்கள் வானத்தை மறைக்கும். பாதையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஜன்னலை இறக்கிக் காத்திருங்கள். வண்டியைப் பறவைகள் பொருட்படுத்தாது. கதவு திறந்து ஆள் உருவம் தெரிந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், அதனால் கேமராவும் வெந்நீர்க் குடுவையும் முன்னிருக்கையிலேயே கைக்கெட்டும்படி இருக்கட்டும்.