மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்க 10 நாள்தான்

அரசு டெண்டர் ஒன்றில் எங்களைத் தொழில்நுட்பச் சுற்றிலேயே கழற்றிவிட்டார்கள். தேர்ச்சிக்கு 70 மதிப்பெண் வேண்டும், எங்களுக்குப் போட்டது 66. தொழில்நுட்ப விவரம் ஒரு உறையிலும் விலை இன்னொரு உறையிலும் கொடுக்கிற இரண்டு உறை முறை என்பதால் 70 வராதவர்களின் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள், எவ்வளவு குறைத்துப் போட்டிருந்தாலும் அது அப்படியே கிடக்கும்.

அன்று ராத்திரி கோபத்தில் நாலு பக்கம் எழுதினேன். எங்கள் அனுபவம் என்ன, ஆட்கள் யார், தேர்வானவர்களைவிட எதில் குறைந்துவிட்டோம் என்றெல்லாம். வக்கீல் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். "சார், இன்னும் கூடப் போட்டிருக்கலாம் என்பது உங்கள் அபிப்பிராயம், மதிப்பெண் போட்ட குழுவுக்கு வேறு அபிப்பிராயம். அதை வைத்து யாரும் உத்தரவை மாற்ற மாட்டார்கள். ஆவணத்தில் சொன்னபடி மதிப்பெண் போட்டார்களா, அதை மட்டும் பாருங்கள்" என்றார். 1994-ல் டாடா செல்லுலார் என்ற டெண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: நீதிமன்றம் முடிவெடுத்த விதத்தைப் பார்க்கும், முடிவின் மேல் மேல்முறையீடு கேட்பதுபோல் உட்காராது.

சரி என்று மதிப்பெண் பட்டியலை எழுதிக் கேட்டு வாங்கி, டெண்டர் ஆவணத்தோடு சேர்த்து மேஜையில் விரித்து, வரிவரியாக ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 20-க்கு 11. பக்கத்தில் பேனாவால் ஒரு குறிப்பு: "மாவட்டத்தில் அலுவலகம் இல்லை". ஆவணத்திலோ முடித்த வேலை ஒன்றுக்கு 5 மதிப்பெண், அதிகபட்சம் 20 என்றுதான் இருக்கிறது, அலுவலகம் எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சே கடைசிப் பக்கம் வரை இல்லை. நாங்கள் நாலு பணி முடிப்புச் சான்றிதழ் வைத்திருந்தோம். அப்புறம், ஒன்றுக்கு 5 என்றால் 11 எப்படி வரும்?

பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த மாதிரி இடத்தைத்தான். ஆவணத்தில் சொல்லாத ஒன்றை வைத்து மதிப்பெண் வெட்டுவது, ஆவணத்தை நம்பி ராப்பகலாக வேலை செய்து விண்ணப்பித்த எல்லோருக்கும் செய்கிற அநியாயம். ஆனால் தப்பைக் காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தப்பால் முடிவு மாறியது என்றும் காட்ட வேண்டும். வெட்டிய 9-ஐச் சேர்த்தால் எங்களுக்கு 75. சேர்த்த பிறகும் 70-ஐத் தொடவில்லை என்றால் மனுவுக்குப் பலமே இருந்திருக்காது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டம், 1998-ன் 11-வது பிரிவுப்படி உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். அதில் மூன்று நாளை அந்த நாலு பக்கக் கடிதமே தின்றுவிட்டது, இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. எட்டாவது நாள் கொடுத்த மனு ஒன்றரைப் பக்கம்தான்: ஆவணத்தின் அந்த வரி, பேனாக் குறிப்பின் நகல், நாலு சான்றிதழ், கூட்டல்.

மறுபடி மதிப்பெண் போடச் சொல்லி உத்தரவு வந்தது. 75 கிடைத்தது, விலை உறையைத் திறந்தார்கள். விலையில் மூன்றாவதாக வந்தோம், வேலை இன்னொருவருக்குப் போனது. அதை எதிர்த்து நாங்கள் எதுவும் எழுதவில்லை.