கொம்பாடும் மோழையும் ஒரே கொட்டிலில்

யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் ஓர் ஆட்டுப் பண்ணையில் நான்கு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். நான் சேர்ந்தபோது அங்கே 34 ஆடுகள் நின்றன. ஊராடுகளும் ஜமுனாபாரிக் கலப்புகளும் கொம்புடையவை. சானன் கலப்பில் வந்த 9 மறிகள், அதாவது பெட்டை ஆடுகள், மட்டும் கொம்பில்லாத மோழைகள். இரண்டையும் சேர்த்து அடைக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் எழுதிய குறிப்பு என் கொப்பியில் இருந்தது. கொட்டிலோ ஒன்றுதான் இருந்தது.

கொம்பாடுகள் தமக்குள் சண்டையிடும்போது பின்னங்காலில் எழும்பி நின்று கொம்பின்மேல் கொம்பு விழும்படி மோதுவதால், அடியின் பெரும்பகுதியைக் கொம்பே வாங்கிக்கொள்ளும். மோழையோடு மோதும்போது தடுக்க எதுவுமில்லாமல் கொம்பு வழுக்கிக் கண்ணோரத்தில் படும். ஆயினும் நான் மருந்து போட்ட காயங்களில் மிகுதியானவை நேர்மோதலில் வந்தவை அல்ல. தலையைப் பக்கவாட்டில் சுழற்றி விலாவிலும் மடியிலும் குத்தியதால் வந்தவை. முதல் மாரியிலேயே ஒரு சினை மறிக்குக் கருக்கலைந்தது. அதற்குக் காரணமென்று நான் நினைத்த கிழட்டுக் கொம்பாட்டை விற்றுவிடும்படி முதலாளியிடம் சொன்னேன்.

கொட்டில் கூட்டும் ஐயா அதை மறுத்தார். "தம்பி, ஒரு கிழமைக்கு ஆட்டைப் பாராதேங்கோ, குழையைப் பாருங்கோ" என்றார். பார்த்தபோது, கொக்கத்தடியால் வெட்டி வந்த பூவரசங்குழையையும் கிளுவங்குழையையும் நாங்கள் ஒரே மூலையில் ஒரே கூரை வளையில் கட்டித் தொங்கவிடுவதும், கட்டிய கால் மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறக்குறைய எல்லாக் குத்தும் நடந்து முடிவதும் தெரிந்தன. பின்வாங்க இடமில்லாத மூலையில், சுவருக்கும் கொம்புக்கும் நடுவில் அகப்பட்டதுதான் குத்து வாங்கியது. குழையை இரு பக்கச் சுவரோரமாகவும் இடைவெளி விட்டு, ஆடுகளின் தொகையிலும் கூடுதலான கட்டுகளாகக் கட்டினோம். கொட்டிலுக்கு இரண்டாவது வாசலும் வைத்தோம். காயம் முற்றாக நிற்கவில்லை, ஆனால் மருந்துப் போத்தல் பல மாதங்கள் வந்தது. கிழட்டுக் கொம்பாடும் தப்பிக்கொண்டது.

கொம்புக்கும் வினை உண்டு. பின்னோக்கிச் சரிந்த கொம்பு கம்பிவலைக்குள் இலகுவாகப் போய்விடும், திரும்பி வராது. அப்படி மாட்டிக்கொண்ட ஆட்டைப் பின்னாலிருந்து முட்டியவை பெரும்பாலும் மோழைகளே. அடிக்கடி மாட்டுபவற்றின் கொம்புகளுக்குக் குறுக்கே ஒரு தடியைக் கட்டிவிட்டோம்.

முதலாளிக்கு எல்லாவற்றையும் மோழையாக்கிவிடும் விருப்பம் இருந்தது. குருத்துக் கொம்பைச் சுடுவதென்றால் குட்டி பிறந்த முதற் கிழமையளவிலேயே செய்ய வேண்டும். ஆட்டுக்குட்டியின் மண்டையோடு மெல்லியது, சூடு சற்று மிஞ்சினால் மூளையைத் தாக்கும். மேலும் கொம்பினுள்ளே இரத்தம் ஓடுவதால் உடற்சூடு வெளியேற அது ஒரு வழி. அமெரிக்க மலைப்பாதைகளில் காயடித்த கிடாய்கள்மீது பொதி ஏற்றி நடத்துபவர்களில் ஒரு சாரார் இதற்காகவே கொம்பை விட்டுவைக்கிறார்கள். எங்கள் ஆடுகள் சுமப்பது மடியை மட்டுந்தான் என்றாலும், சித்திரை வெயில் அவற்றுக்கும் வெயில்தான்.

எனவே முதலாளி மோழைக் கிடாய் ஒன்றை வாங்கி மோழை மறிகளோடு விட்டார். பிறந்தவற்றில் ஒன்று மறி போலவே இருந்து, வளர வளரக் கிடாய் நாற்றம் வீசி, கடைசிவரை பருவத்துக்கு வரவில்லை. கால்நடை வைத்தியர் விளக்கிய பிறகே விடயம் விளங்கியது. மோழைத் தன்மையைத் தரும் மரபணு மாற்றம் தாய், தந்தை இருபக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டி இருபாற் குறிகளோடு மலடாகிவிடும். 2001 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மரபணுத் தொடரில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதே இதற்குக் காரணம் எனக் கண்டறிந்திருந்தார்கள். அதன் பிறகு மோழை மறிக்குக் கொம்புக் கிடாயையே விட்டோம். அவ்வாறு விட்டால் ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் கொம்போடு வரும். ஆக, மோழை வளர்ப்பவன் கொம்பாட்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டியிருக்கிறது. என் கொப்பியில் இருந்த குறிப்பை எழுதித் தந்தவர் இதைச் சொல்லவில்லை.

நான் வேலையை விட்ட கிழமை ஒரு மோழை மறி இரட்டைக் குட்டி ஈன்றது. ஒன்றின் நெற்றியில், கொம்பு வரும் இடங்களில் இரண்டு மயிர்ச்சுழிகள் இருந்தன. மற்றதற்கு நடுவில் ஒன்றுதான். இரண்டும் தாயின் மடியை இருபக்கமும் நின்று முட்டிக்கொண்டிருந்தன.