படிவத்தில் நான் எழுதிய ஒரு சொல்

"கெட்டி எண்ணெய், தம்பி. தண்ணீரை இந்த வேகத்தில் விட்டால் அது எண்ணெயைத் தள்ளாது. நடுவில் புகுந்து தனியாகப் போய்விடும்."

சொன்னவர் எங்கள் எண்ணெய் வயலின் ஃபோர்மேன், நாகப்பட்டினத்துக்காரர். நான் கணினியைக் காட்டி, "உற்பத்திக் கிணற்றுக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் பதினெட்டு மாதம் என்று மாடல் சொல்கிறது, அண்ணே" என்றேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. எண்ணெயைத் தள்ள நிலத்தடியில் தண்ணீர் செலுத்தும் அளவைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்திட்டேன். ஐந்தாவது மாதமே உற்பத்திக் கிணற்றில் வாட்டர் கட், அதாவது வெளிவருவதில் தண்ணீரின் பங்கு, ஏறியது.

இது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? மெல்லிய திரவம் கெட்டியானதைத் தள்ளும்போது முகப்பில் எங்காவது ஒரு சிறு புடைப்பு முந்திக்கொள்ளும். அதற்கு எதிரே நகர்த்தவேண்டிய எண்ணெய் குறைவு, ஆகவே தடையும் குறைவு. இன்னும் வேகமாக முந்தும். புடைப்பு விரலாகிவிடும். மிகச் சிறிய புடைப்புகளைப் பரப்பு இழுவிசை அமுக்கிவிடும் என்பதால்தான் விரலுக்கு ஓர் அகலம் கிடைக்கிறது. 1958இல் சாஃப்மன், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்காக எழுதிவிட்டார்கள்; தேர்வில் நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் மாடல் நிலத்தடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டம் ஐம்பது மீட்டர். அதற்குள் எத்தனை விரல் நுழைந்தாலும் சராசரியாகத்தான் தெரியும். இதுவும் தெரிந்ததுதான்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. பாகுத்தன்மை வேறுபாடுதான் அடிப்படைக் காரணம். எண்ணெய் தேங்கிய பாறைப் படுகை கிடையாக இருந்தால் மெதுவாக விட்டாலும் விரல் வரும். பிறகு, தண்ணீரில் அடையாளப் பொருளைக் கலந்து அதன் வழியை அறியச் செய்த டிரேசர் சோதனையும் எளிதில் ஊடுருவவிடும் ஓர் அடுக்கைக் காட்டியது. அறிக்கையில் அந்த அடுக்கையே காரணமாக எழுதினேன். பொய்யில்லை. ஆனால் படிவத்தில் 'முன்கூட்டிய எச்சரிக்கை ஏதேனும்?' என்றொரு வரி இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். ஒரு ஃபோர்மேன் வாய்மொழியாகச் சொன்னது எச்சரிக்கை ஆகுமா என்று அன்று கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டதே தவறோ என்று இன்று தோன்றுகிறது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஓய்வுபெறும் நாளிலும் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

போன மாதம் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே சற்று நீர்த்த கிளிசரினை நிரப்பி, சிரிஞ்சால் நீலத் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். 1898இல் ஹெலே-ஷா செய்த அமைப்புதான், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். வேகமாக அழுத்தினேன்: மெல்லிய விரல்கள், நிறைய. மெதுவாக அழுத்தினேன்: எண்ணிக்கை குறைந்தது, தடித்தன, மறையவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஹில் என்ற ஆய்வாளரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரை நினைவுக்கு வந்தது. எலும்புக்கரி நிரப்பிய தூணில் சர்க்கரைப் பாகைத் தண்ணீரால் வெளியேற்றுவதைப் பற்றியது. லேசான தண்ணீர் மேலிருந்து வந்தால், ஒரு வேக வரம்புக்குள் ஈர்ப்புவிசையே முகப்பை மட்டமாக வைத்திருக்கும். எண்ணெய் வயலில் தண்ணீர்தான் கனமானது, கீழிருந்து ஏற்றவேண்டும். எங்கள் படுகை நான்கு டிகிரி சாய்ந்திருந்தது. நான்கு டிகிரியில் அந்த வரம்பு மிகச் சிறியதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

தகட்டின் ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி, மேல் முனையிலிருந்து நீலத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நேர்கோடாக இறங்கியது.